விகிதத்திற்கு அலகு இல்லை என்று சொல்லிக்கொடுத்தவன் நான்



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் வேதியியலைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். நம் பள்ளிகளில் வேதியியல் என்னும் பாடமே கிடையாது. ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிடுகிறார்கள். வேதியியலைத் தனிப்பாடமாக அவர்கள் சந்திப்பது படிவம் நான்கில்தான். அதுவும் வேறொரு மொழியில். ஆகவே, அங்கே அவர்கள் தடுக்கி விழுந்தால் அதற்கும் நமக்கும் தொடர்பில்லை என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறென்பதை என் பழைய மாணவி ஒருத்தி எனக்குக் காட்டினாள். அதை இங்கே பதிவு செய்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

பழைய மாணவியின் வருகை

2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை மாலை. என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவி தன் தந்தையுடன் வீட்டுக்கு வந்தாள். இப்பொழுது படிவம் நான்கு. தந்தை லாரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். கையில் மாம்பழப் பை ஒன்று, முகத்தில் கவலை.

“சார், இவ சயன்ஸ் பாடமெல்லாம் வேணாம், வேற பாடத்துக்கு மாறிக்கிறேன்னு சொல்றா. கெமிஸ்திரி புரியலையாம். நீங்க சொன்னா கேப்பா” என்றார் அவர்.

எனக்கு உள்ளுக்குள் சிறு அச்சம். நான் வேதியியல் படித்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இருந்தாலும் பழைய மாணவியின் முன் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. “எந்த இடத்தில் புரியவில்லை? அந்த ஒரு கணக்கை மட்டும் காட்டம்மா” என்றேன்.

அவள் பயிற்சி நூலைத் திறந்து காட்டினாள். மலாய் மொழியில் இருந்த அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்கிறேன்:

2.4 கிராம் மக்னீசியம் உயிர்வளியில் முழுமையாக எரிகிறது. கிடைக்கும் மக்னீசியம் ஆக்சைடின் பொருண்மை என்ன?

சமன் செய்யப்பட்ட சமன்பாடும் கொடுக்கப்பட்டிருந்தது:

2 மக்னீசியம் அணுக்கள் + 1 உயிர்வளி மூலக்கூறு → 2 மக்னீசியம் ஆக்சைடு

அவள் எழுதியிருந்த விடை 3.6 கிராம். நூலின் பின்பக்கத்தில் இருந்த விடையோ 4.0 கிராம்.

“எப்படிச் செய்தாய்?” என்று கேட்டேன்.

“மக்னீசியத்துக்கும் உயிர்வளிக்கும் 2:1 விகிதம் சார். மக்னீசியம் 2.4 கிராம். அப்படின்னா உயிர்வளி அதுல பாதி, 1.2 கிராம். ரெண்டையும் கூட்டினா 3.6. எரியிறதுக்கு முன்னாடி இருக்கிற பொருண்மையும் பின்னாடி இருக்கிற பொருண்மையும் சமமா இருக்கணும்னு படிச்சிருக்கோம். இங்கே சமமாத்தானே இருக்கு?”

ஒரு கணம் நானே மயங்கிவிட்டேன். அவள் விதிகளை மறந்துவிட்டுத் தவறு செய்யவில்லை. விகிதத்தைப் பயன்படுத்தியிருக்கிறாள். பொருண்மை அழியாது என்னும் விதியைக் கொண்டு தன் விடையைச் சரிபார்த்தும் இருக்கிறாள். எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்துவிட்டுத் தவறான விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். ஒரு பிள்ளை ஒரு பாடத்தை வெறுத்து ஒதுக்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

“2:1 என்பது கிராமில் என்று யார் சொன்னது?” என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில்தான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

“நீங்கதான் சார் சொன்னீங்க, விகிதத்துக்கு அலகு கிடையாதுன்னு. அதனால எந்த அலகுலயும் போடலாம்னு நினைச்சேன்.”

2021-இல் நான் நடத்திய பாடம்

அவள் சொன்னது உண்மை. அவள் ஆறாம் ஆண்டில் இருந்தது 2021-இல். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டும் திறக்கப்பட்டும் இருந்த ஆண்டு. விகிதப் பாடத்தைக் கைப்பேசித் திரையின் வழியாகத்தான் நடத்தினேன். பல பிள்ளைகளின் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கையில் கிடைக்கும். கிடைத்த நேரத்தில் பாடத்தை முடித்தாக வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

அந்த அவசரத்தில் நான் என்ன செய்தேன்? “விகிதத்திற்கு அலகு இல்லை. எண்களை மட்டும் எழுதுங்கள். பிறகு குறுக்கே பெருக்குங்கள்” என்று மூன்று வரியில் சூத்திரம் கொடுத்துவிட்டேன். ஒரு குவளை பழச்சாற்றுப் பாகுக்கு நான்கு குவளை நீர். மூன்று குவளை பாகுக்கு எத்தனை குவளை நீர் என்பது போன்ற கணக்குகள். இருபுறமும் குவளை, அல்லது இருபுறமும் ரிங்கிட், அல்லது இருபுறமும் மீட்டர். எந்தக் கணக்கிலும் ‘இந்த விகிதம் எதில் அளந்தது?’ என்று கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. பிள்ளைகள் எல்லாரும் சரியாகச் செய்தார்கள். நானும் மகிழ்ந்துபோனேன்.

விகிதத்திற்கு அலகு இல்லை என்பது பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மை. 2:1 என்று எழுதும்போது அலகு மறைந்துவிடுகிறது. மறைந்துவிட்டதே தவிர, இல்லாமல் போய்விடவில்லை. எதை எண்ணினோமோ, எதை அளந்தோமோ, அதற்கு மட்டும்தான் அந்த விகிதம் செல்லும். இந்த இரண்டாவது பாதியை நான் சொல்லவே இல்லை.

பட்டறையிலிருந்து வந்த விளக்கம்

அன்று அதை அவளுக்கு எப்படி விளக்குவது என்று எனக்கு உடனே தோன்றவில்லை. அணு, மூலக்கூறு என்று ஆரம்பித்தேன். அவள் முகம் இன்னும் வாடியது. அப்போது, அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த தந்தையைப் பார்த்தேன். பட்டறைக்காரர் ஆயிற்றே என்று திடீரென ஒரு யோசனை.

“அண்ணே, கடையில போல்ட்டு, வாஷர் எல்லாம் எப்படி வாங்குவீங்க?”

“நிறைய வேணும்னா கிலோ கணக்குதான் சார். யாரு உக்காந்து எண்றது?”

“ஒரு போல்ட்டுக்கு எத்தனை வாஷர்?”

“ரெண்டு. மேல ஒன்னு, கீழ ஒன்னு.”

“அப்படின்னா ரெண்டு கிலோ போல்ட்டு வாங்கினா, நாலு கிலோ வாஷர் வாங்குவீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். “நாலு கிலோ வாஷரா? ஆயுசுக்கும் தீராது சார். வாஷர் எடை கம்மி. ரெண்டுக்கு ஒன்னுங்கிறது எண்ணிக்கையில. எடையில இல்ல.”

மகள் நிமிர்ந்து தந்தையைப் பார்த்தாள். நான் உடனே தாளை எடுத்துக் கணக்கை எழுதினேன். எளிமைக்காக ஒரு போல்ட்டின் எடை 50 கிராம், ஒரு வாஷரின் எடை 10 கிராம் என்று வைத்துக்கொண்டோம்.

2 கிலோ போல்ட்டு என்றால் 2000 ÷ 50 = 40 போல்ட்டுகள்.
ஒன்றுக்கு இரண்டு என்பதால் 80 வாஷர்கள் வேண்டும்.
80 வாஷர்களின் எடை 80 × 10 = 800 கிராம்.

ஆக, வாங்க வேண்டியது நான்கு கிலோ அன்று. ஒரு கிலோகூட இல்லை. எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போனோம்; எண்ணிக்கையில் விகிதத்தைப் பயன்படுத்தினோம்; மறுபடியும் எடைக்குத் திரும்பி வந்தோம். மூன்றே படிகள். வேதியியல் கணக்கும் இதே மூன்று படிகள்தாம். அணுக்களைக் கண்ணால் கண்டு எண்ண முடியாது என்பதால், பட்டறைக்காரர் போல்ட்டை எடைபோட்டு எண்ணுவதைப் போல நாமும் எடைபோட்டு எண்ணுகிறோம். அவ்வளவே.

மோல் என்பது ஒரு கட்டு

போல்ட்டைப் பத்தாகவோ நூறாகவோ கட்டலாம். வெற்றிலையைக் கட்டுக் கணக்கில் வாங்குகிறோம். முட்டையைத் தட்டுக் கணக்கில் வாங்குகிறோம். அணுவோ மிகச் சிறியது. கையில் எடுத்து நிறுக்கும் அளவுக்கு வேண்டுமென்றால் கட்டு மிகப் பெரியதாக இருக்க வேண்டும். அந்தப் பெரிய கட்டுக்குப் பெயர்தான் மோல். ஒரு மோலில் ஏறக்குறைய 602-ஐத் தொடர்ந்து 21 பூச்சியங்கள் போட்டால் வரும் அத்தனை துகள்கள் உள்ளன. 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் இந்த எண்ணை அனைத்துலக அளவுமுறை துல்லியமாக வரையறுத்துவிட்டது. அதற்கு முன்னர் 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று எடையைக் கொண்டு வரையறுத்திருந்தார்கள். இப்பொழுது மோல் என்பது நேரடியாகவே ஓர் எண்ணிக்கை.

ஒரு மோல் நீரின் எடை 18 கிராம். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றே கூடுதல். அத்தனை கோடி கோடி மூலக்கூறுகளும் அந்தக் கரண்டிக்குள் அடங்கிவிடுகின்றன.

மாணவி கற்பது மலாய் மொழியில். மோல் எண்ணிக்கையை அங்கே ‘பிலாங்கான் மோல்’ என்கிறார்கள். பிலாங்கான் என்றால் எண்ணிக்கை. விகிதத்தை ‘நிஸ்பா’ என்கிறார்கள். பொருண்மையை ‘ஜிசிம்’ என்கிறார்கள். எண்ணிக்கை என்னும் சொல் அவள் கண்ணெதிரே ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது. ஆனால் அதை ஒரு கலைச்சொல்லாக மனனம் செய்தாளே தவிர, அது வீட்டிலும் கடையிலும் புழங்கும் அதே எண்ணிக்கைதான் என்று அவளுக்கு உறைக்கவில்லை. நாம் தமிழில் சொல்லிக்கொடுத்த விகிதமும் அங்கே வரும் நிஸ்பாவும் ஒன்றுதான் என்பதை மொழி மாறும் அந்த வாசலில் நின்று அவளுக்குச் சொல்ல யாருமில்லை.

அவள் போட்ட கணக்கு

இனி அவளையே செய்யச் சொன்னேன். மக்னீசியத்தின் சார்பு அணுப் பொருண்மை 24. உயிர்வளியின் சார்பு அணுப் பொருண்மை 16. உயிர்வளி காற்றில் இரண்டிரண்டு அணுக்களாக இணைந்திருப்பதால் ஒரு மோல் உயிர்வளி மூலக்கூறின் எடை 32 கிராம். மக்னீசியம் ஆக்சைடு ஒரு மோல் 24 + 16 = 40 கிராம்.

முதற்படி: 2.4 ÷ 24 = 0.1 மோல் மக்னீசியம்.
இரண்டாம் படி: சமன்பாட்டில் 2 மக்னீசியத்திற்கு 2 மக்னீசியம் ஆக்சைடு. ஆகவே 0.1 மோலுக்கு 0.1 மோல்.
மூன்றாம் படி: 0.1 × 40 = 4.0 கிராம்.

“உயிர்வளி எவ்வளவு வந்து சேர்ந்தது?” என்று கேட்டேன். 2:1 என்பதால் 0.05 மோல், 0.05 × 32 = 1.6 கிராம். 2.4-உம் 1.6-உம் சேர்ந்தால் 4.0. எண்ணிக்கையில் 2:1, பொருண்மையிலோ 3:2. ஒரே வினைக்கு இரண்டு விகிதங்கள், இரண்டும் சரி. எது எதில் அளந்தது என்பதுதான் வேறு.

“அப்படின்னா என்னோட 3.6 எப்படிச் சமமா வந்துச்சு?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. பொருண்மை அழியாது என்னும் விதி, கூட்டிய இரண்டையும் கூட்டாமல் விடவில்லை என்பதை மட்டுமே சொல்லும். கூட்டியவை சரியான அளவுகளா என்பதை அது சொல்லாது. அவள் சொன்னபடி 1.2 கிராம் உயிர்வளியை மட்டும் கொடுத்தால் அது 0.0375 மோல். அது 0.075 மோல் மக்னீசியத்தோடுதான் சேர முடியும், அதாவது 1.8 கிராம். மீதி 0.6 கிராம் மக்னீசியம் எரியாமல் நின்றுவிடும். கிடைக்கும் ஆக்சைடு 3.0 கிராம் மட்டுமே. “வாஷர் தீந்துபோனா மிச்ச போல்ட்டு சும்மா கெடக்கும். அதானே?” என்றார் தந்தை. அதேதான்.

அவளிடம் இன்னுமொரு ஐயம் இருந்தது. இடப்பக்கம் 2-உம் 1-உம் சேர்ந்து 3. வலப்பக்கம் 2 மட்டும். ஒன்று எங்கே போயிற்று? இதற்கும் போல்ட்டே விடை சொன்னது. 40 போல்ட்டும் 80 வாஷரும் சேர்த்தால் 120 சாமான்கள். மாட்டி முடித்தால் 40 இணைப்புகள். எதுவும் காணாமல் போகவில்லை. தனித்தனியாக இருந்தவை ஒன்றாகிவிட்டன. சமன்பாட்டில் அணுக்களின் எண்ணிக்கைதான் மாறாமல் இருக்கும்; மோல்களின் மொத்தம் அப்படியே இருக்க வேண்டியதில்லை.

அறிஞர்களும் தடுமாறிய இடம்

அன்றிரவு பழைய நூல்களைப் புரட்டினேன். எனக்கு ஆறுதல் தந்த ஒரு செய்தியைச் சொல்கிறேன். இந்த இடத்தில் தடுமாறியவர்கள் நம் பிள்ளைகள் மட்டுமல்லர்.

அணுக்கொள்கையைத் தந்த ஜான் டால்டன், நீரில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு ஓர் உயிர்வளி அணு என்று கொண்டார். எடைகளை அவரால் அளக்க முடிந்தது. எண்ணிக்கையை அறிய வழியில்லை. எண்ணிக்கையைத் தவறாகக் கொண்டதால் உயிர்வளியின் அணு எடையும் பாதிக்கும் குறைவாக வந்தது. 1808-இல் கே-லுசாக் வளிகளின் கொள்ளளவை அளந்து, இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு உயிர்வளியும் சேர்ந்து இரண்டு பங்கு நீராவியாவதைக் காட்டினார். ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம கொள்ளளவுள்ள வளிகளில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன என்று 1811-இல் அவகாட்ரோ சொன்னார். அப்படியானால் வளிகளைப் பொறுத்தவரை கொள்ளளவின் விகிதமே எண்ணிக்கையின் விகிதம். ஆனால் இந்தக் கருத்தை வேதியியலார் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1860-இல் கார்ல்ஸ்ருவே நகரில் கூடிய மாநாட்டில் கனிசாரோ அதை எடுத்துரைத்த பிறகே தெளிவு பிறந்தது.

நீரையே எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கையில் ஹைட்ரஜன் மூலக்கூறும் உயிர்வளி மூலக்கூறும் 2:1. கொள்ளளவிலும் 2:1. பொருண்மையிலோ 4 கிராமுக்கு 32 கிராம், அதாவது 1:8. மூன்றில் இரண்டு ஒத்துப்போகின்றன, ஒன்று ஒத்துப்போகவில்லை. ‘எதில் அளந்தது?’ என்று கேட்காதவர் இங்கே வழி தவறியே தீர்வார். உலகின் பேரறிஞர்கள் அரை நூற்றாண்டு திணறிய இடத்தை, பதினாறு வயதுப் பிள்ளை ஒரு வாரத்தில் கடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கடக்காவிட்டால் ‘உனக்கு அறிவியல் ஏறாது’ என்று சொல்லிவிடுகிறோம்.

தமிழ்ப்பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

அதன் பின்னர் என் வகுப்பில் சில மாற்றங்களைச் செய்திருக்கிறேன். சக ஆசிரியர்களும் விரும்பினால் முயன்று பார்க்கலாம்.

1. விகிதத்தை எழுதியதும், அதன் மேலேயே ‘எண்ணிக்கை’, ‘பொருண்மை’, ‘கொள்ளளவு’ என்று எது பொருந்துமோ அதைச் சிறிதாக எழுதச் சொல்கிறேன். அலகு எழுத வேண்டியதில்லை. எதைப் பற்றிய விகிதம் என்பதை எழுத வேண்டும்.

2. கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் கொண்டு ஒரு நடவடிக்கை. ஒரு கடலைக்கு இரண்டு பயறு என்று சோடி சேர்க்கச் சொல்கிறேன். பிறகு நூறு கடலையையும் இருநூறு பயற்றையும் சமையலறைத் தராசில் நிறுக்கச் சொல்கிறேன். பயறு இரு மடங்கு இருந்தும் கடலைப் பக்கமே கனக்கும். பிள்ளைகள் வியந்து பார்ப்பார்கள். மோல் என்னும் சொல்லை நான் உச்சரிப்பதே இல்லை. அது படிவம் நான்கில் வந்து சேரட்டும்.

3. குறுக்குப் பெருக்கலைக் கடைசியில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் ‘ஒன்றுக்கு எவ்வளவு?’ என்று கேட்டுக் கணக்கிடப் பழக்குகிறேன். சற்று நேரம் பிடிக்கும், ஆனால் மறக்காது.

4. ஆறாம் ஆண்டின் இறுதியில், விகிதம், பொருண்மை, எண்ணிக்கை போன்ற சொற்களுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் என்ன பெயர் என்று ஒரு பட்டியல் கொடுத்தனுப்புகிறேன். புதிய பெயரில் பழைய நண்பன்தான் வருகிறான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ‘எனக்குப் படிப்பு வராது, நீ சாரைக் கேள்’ என்று ஒதுங்கிவிடாதீர்கள். அன்று என் வீட்டில் அந்தக் கணக்கை விளக்கியவர் நான் அல்லேன், பட்டறைக்காரரான தந்தைதான். வீட்டில் அம்மா இட்லிக்கு நான்கு குவளை அரிசிக்கு ஒரு குவளை உளுந்து போடுவது கொள்ளளவின் விகிதம். அப்பா சிமெண்டும் மணலும் கலப்பதிலும் ஒரு விகிதம் இருக்கிறது. பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, ‘இது எதில் அளந்தது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். அது போதும்.

அதன் பிறகு

மாணவி அறிவியல் பாடங்களை விடவில்லை. அடுத்த தேர்வில் பெரிய புள்ளிகள் ஒன்றும் வந்துவிடவில்லை. தேர்ச்சி பெற்றாள், அவ்வளவுதான். கரைசல்களின் செறிவைப் பற்றிய கணக்குகள் இன்னமும் அவளைப் படுத்துகின்றன. மாதத்திற்கு ஒருமுறை வருகிறாள். நானும் அவளுக்காகப் படிவம் நான்கு நூலை வாங்கி வைத்துப் படித்து வருகிறேன்.

சென்ற முறை வந்தபோது அவளுடைய குறிப்பேட்டைப் பார்த்தேன். மலாயில் எழுதப்பட்ட ஒவ்வொரு சமன்பாட்டின் ஓரத்திலும் பென்சிலால் சின்னதாகத் தமிழில் ஒரு சொல்: ‘எதில்?’

2021-இல் நான் சொல்லிக்கொடுக்கத் தவறிய அந்த ஒரு சொல்லை, நான்கு ஆண்டுகள் கழித்து அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்த ஆண்டு என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அதற்காக நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.